விளையாட்டா... சண்டையா? வீட்டில் இரண்டு நாய்கள் இருந்தால் இதைக் கவனியுங்கள்!

இரவு எட்டு மணி. சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடி வீடு. ஹாலில் சீரியல் ஓடுகிறது. பாட்டி சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். ஆறாம் வகுப்பு படிக்கும் பேத்தி தரையில் நோட்டை விரித்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறாள். எங்கிருந்தோ பாய்ந்து வந்த கருப்பன், படுத்திருந்த ஜிம்மியின் கழுத்தைக் கவ்வுகிறான். ‘உர்ர்...’ என்ற சத்தத்தோடு இரண்டும் கட்டிப் புரள, டீப்பாய் மேல் இருந்த காபி டம்ளர் உருண்டு ஓடுகிறது.

“கடிச்சுக் குதறிக்கப் போகுதுங்க... யாராவது வந்து பிரிச்சு விடுங்களேன்!” என்று பாட்டி காலைத் தூக்கி சோபாவில் வைத்துக்கொள்கிறார். “விடும்மா, அதுங்க விளையாடுதுங்க” என்று உள்ளே இருந்து மகனின் குரல்.

இருவரில் யார் சொல்வது சரி?

இரண்டு நாய்கள் வளரும் வீடுகளில் தினமும் எழும் கேள்வி இது. இந்த வீட்டில் இதற்கு விடை தெரியாமலேயே ஏழு மாதங்கள் ஓடிவிட்டன. கடைசியில், ‘கருப்பனை யாருக்காவது கொடுத்துடலாம்’ என்ற இடத்தில் வந்து நின்றது பேச்சு. அன்று இரவு பேத்தி சாப்பிடவில்லை. மழை நாளில் கடை வாசலில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைப் பள்ளிப் பையோடு சேர்த்து அணைத்துக்கொண்டு வந்தது அவள்தான்.

ஜிம்மிக்கு எட்டு வயது. சாதுவான லேப்ரடார். கருப்பனுக்கு எட்டு மாதம். சுறுசுறுப்பான நாட்டு நாய். பிரச்னை கருப்பனின் குணத்தில் இல்லை. அந்த விளையாட்டில் என்ன நடக்கிறது என்பதை வீட்டில் யாரும் உற்றுப் பார்க்காததுதான் பிரச்னை.

கடிப்பது எப்படி விளையாட்டாகும்?

நாய்களுக்குக் கை கிடையாது. கட்டிப்பிடிப்பது, தள்ளுவது, இழுப்பது எல்லாமே வாயால்தான். அதனால் கழுத்தைக் கவ்வுவது, காலைப் பிடிப்பது, உறுமுவது, துரத்துவது, மேலே ஏறி விழுவது எல்லாம் நல்ல விளையாட்டிலும் உண்டு. சத்தத்தை மட்டும் வைத்து சண்டை என்று முடிவு செய்ய முடியாது.

‘இது விளையாட்டுதான்’ என்று சொல்ல நாய்களுக்கென ஒரு சைகை இருக்கிறது. முன்னங்கால்களை நீட்டித் தரையில் தாழ்ந்து, பின்பக்கத்தை மட்டும் மேலே தூக்கி நிற்கும். கும்பிடு போடுவது போல இருக்கும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் பெகாஃப் 1995-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தார். கவ்வித் தலையை உதறும் கடி போன்ற, தவறாகப் புரிந்துகொள்ளக் கூடிய செயல்களுக்கு முன்போ பின்போதான் நாய்கள் இந்தக் கும்பிடை அதிகம் போடுகின்றன. ‘கோபத்தில் செய்யலை, தப்பா எடுத்துக்காதே’ என்று சொல்வது போல!

நல்ல விளையாட்டுக்கு வேறு அடையாளங்களும் உண்டு. உடல் தளர்வாக, வளைந்து நெளிந்து இருக்கும். வாய் திறந்திருக்கும். ஓட்டத்தில் ஒரு துள்ளல் இருக்கும். பெரிய நாய், சின்னதற்காகத் தானே படுத்துக் கொடுக்கும். நடுநடுவே இரண்டும் நின்று, மூச்சு வாங்கி, உடலை உதறிவிட்டு மறுபடி தொடங்கும்.

மல்லாந்து படுத்தால் ‘தோற்றுவிட்டது, பாவம்’ என்று நினைக்கிறோம். விளையாட்டின்போது அது பெரும்பாலும் கழுத்துக் கடியைத் தவிர்க்கவும், கீழே இருந்தபடி திருப்பிக் கவ்வவும் நாய்கள் செய்யும் உத்தி என்று 2015-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. அதேபோல, இரண்டும் சரிபாதி நேரம் ஜெயிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எரிக்கா பாயர், பார்பரா ஸ்மட்ஸ் இருவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நாய் பெரும்பாலும் மேலே இருந்தாலும் விளையாட்டு நன்றாகவே தொடர்வதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது?

பத்து விநாடி சோதனை

மேலே ஏறி அமுக்கும் நாயைக் கூப்பிட்டோ, பெல்ட்டை மெதுவாகப் பிடித்தோ பத்து விநாடி விலக்கி நிறுத்துங்கள். இரண்டும் கொதிநிலைக்குப் போகாத நேரத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். இப்போது கீழே கிடந்த நாயைக் கவனியுங்கள்.

அது எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு மறுபடி வம்பிழுக்க வந்தால், அதற்கும் விளையாட ஆசை இருக்கிறது. தொடரட்டும். எழுந்து வேறு அறைக்குப் போனால், கட்டிலுக்கு அடியில் புகுந்தால், உங்கள் கால்களுக்குப் பின்னால் வந்து ஒளிந்தால், அதற்கு இந்த விளையாட்டு வேண்டாம் என்று அர்த்தம். அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

ஜிம்மி வீட்டில் இந்தச் சோதனையைச் செய்து பார்த்தபோது, அவன் எழுந்து நேராக டைனிங் டேபிளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அப்போதுதான் வீட்டில் உள்ளவர்களுக்கு ஒன்று உறைத்தது. ஜிம்மி ஹாலுக்கு வருவதே குறைந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. ‘வயசாயிடுச்சு, அதான் ஒதுங்கிப் படுக்கிறான்’ என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சண்டையாக மாறும் நேரம்

தளர்ந்திருந்த உடல் திடீரென விறைக்கும். வாய் மூடும். கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். உதடு சுருங்கிப் பல் தெரியும். துள்ளல் நின்றுபோகும். ஒன்று விலகிப் போகப் பார்க்க, மற்றது மூலையில் மடக்கும். இவற்றில் எதைப் பார்த்தாலும் விளையாட்டை நிறுத்துங்கள். பல நேரங்களில், சத்தம் அதிகமாவதைவிட சட்டென்று அமைதியாவதுதான் ஆபத்து.

வால் ஆடுகிறதே என்று நம்பிவிட வேண்டாம். விறைப்பாக உயர்த்திய வாலை வேகவேகமாக ஆட்டும் நாய் சந்தோஷத்தில் ஆட்டுகிறது என்று சொல்ல முடியாது. முதுகு முடி சிலிர்ப்பதும் கோபத்தின் அடையாளம் மட்டுமல்ல. அதிக உற்சாகத்திலும் சிலிர்க்கும். ஒரே அடையாளத்தை வைத்து முடிவு செய்யாமல் மொத்த உடலையும் பாருங்கள்.

உறுமினால் அடிக்காதீர்கள்

ஜிம்மி ஆரம்பத்தில் உறுமித்தான் பார்த்தான். ‘சின்னக் குட்டிகிட்ட என்னடா?’ என்று திட்டு வாங்கினான். நம்மில் பலர் செய்யும் தவறு இது.

உறுமல் என்பது ‘போதும், விலகிப் போ’ என்ற எச்சரிக்கை. அதற்காக நாயை அடித்தால் அதன் எரிச்சல் போகாது. எச்சரிக்கை மட்டும்தான் போகும். நாளைக்கு அது உறுமாமலேயே கடிக்கக்கூடும். மூத்த நாய் உறுமினால் திட்டாமல், இளையதைக் கூப்பிட்டு அந்த இடத்தைவிட்டு நகர்த்துங்கள்.

‘யார் தலைவன்னு அதுங்களே முடிவு பண்ணிக்கட்டும்’ என்று விட்டுவிடுவதும் தவறு. ஓநாய்க் கூட்டத்தில் தலைமைக்காக ஓயாத போட்டி நடக்கும் என்ற எண்ணம், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து 1947-ல் எழுதப்பட்ட ஆய்விலிருந்து பரவியது. காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று, பல ஆண்டுகள் ஓநாய்களைக் கவனித்த டேவிட் மெக் 1999-ல் விளக்கினார். வீட்டு நாய்களை மோதவிட்டுத் தலைவனைத் தேட வேண்டிய அவசியமில்லை.

வலி ஒரு காரணமாக இருக்கலாம்

விளையாட்டை விரும்பிய நாய் திடீரென வெறுத்தால், முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஜிம்மிக்கு இடுப்பு மூட்டில் தேய்மானம் இருந்தது. லேப்ரடார் நாய்களிடம் அடிக்கடி காணப்படும் பிரச்னை இது. வழுவழுப்பான டைல்ஸ் தரையில் கருப்பன் இடிக்கும் ஒவ்வொரு முறையும் பின்னங்கால் வழுக்கி வலித்திருக்கிறது. மருத்துவர் சொன்ன மருந்தோடு, எடையைக் குறைக்க அளவான சாப்பாடு, ஹாலில் வழுக்காத ரப்பர் மேட். மனிதர்களுக்கான வலி மாத்திரையை மட்டும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். பாரசிட்டமால், இபுபுரூஃபன் போன்றவை நாய்களுக்கு நஞ்சாகலாம்.

கருப்பன் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டிகள் தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும்தான் கற்கின்றன. அழுத்திக் கடித்தால் மற்றது ‘கீச்’ என்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். அதுதான் பாடம். குட்டிகளை எட்டு வாரத்துக்கு முன்பு தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கருப்பன் வந்தபோது அவனுக்கு ஐந்து வாரம்கூட இருக்காது. அந்தப் பாடத்தை இப்போது வீட்டில் உள்ளவர்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* சூடேறும் முன் இடைவேளை: ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை உற்சாகமான குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வந்ததும் ஆளுக்கொரு பிஸ்கட் துண்டு, தனித்தனியாக. பிறகு மறுபடி விளையாட விடுங்கள். ‘கூப்பிட்டால் விளையாட்டு முடிந்துவிடாது’ என்று புரிந்தால் தயங்காமல் வரும். இந்தப் பழக்கத்தை முதலில் ஒவ்வொரு நாய்க்கும் தனியாகக் கற்றுக்கொடுங்கள்.
* தனித்தனித் தட்டு: சாப்பாடு, எலும்பு, பிடித்த பொம்மை இவற்றால்தான் பல சண்டைகள் தொடங்குகின்றன. எலும்பு கொடுத்தால் வேறு வேறு அறையில் கொடுங்கள்.
* மூத்ததற்கு ஓர் இடம்: இளையது நுழைய முடியாத ஒரு மூலை வேண்டும். குழந்தைகளுக்காக வாசலில் மாட்டும் தடுப்புக் கதவு போதும்.
* இளையதற்கு வேலை: காலையும் மாலையும் வாக்கிங். அவசரப்படுத்தாமல் மோப்பம் பிடிக்க விடுங்கள். அதுவே நாயை நன்றாகக் களைக்க வைக்கும்.
* தூக்கம்: தூக்கம் போதாத குட்டி, தூக்கம் வரும் குழந்தை போலத்தான் அடம்பிடிக்கும். இரவு எட்டு மணி ஆட்டத்துக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.
* குழந்தைகள் விலகி நிற்கட்டும்: நாய்கள் புரளும்போது தரையில் உட்கார வேண்டாம். பிரித்துவிடுவது பெரியவர்கள் வேலை.

ஒரே பாலின நாய்கள், வயது முதிரும்போது, அதுவரை இல்லாத பகையைக் காட்டலாம். கருத்தடை செய்வது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால், அது ஒன்றே எல்லாவற்றையும் தீர்த்துவிடாது.

நிஜமாகவே சண்டை வந்துவிட்டால்?

வாய்க்கு அருகே கையைக் கொண்டுபோகாதீர்கள். கழுத்துப் பெல்ட்டைப் பிடிக்கப் போய்க் கடி வாங்குபவர்கள்தான் அதிகம். கோபத்தில் நாய்க்கு ஆள் தெரியாது. தட்டைத் தரையில் போட்டுப் பெரிய சத்தம் எழுப்பலாம், தண்ணீர் ஊற்றலாம், கனமான போர்வையை மேலே போடலாம், நாற்காலியையோ பலகையையோ இடையில் நுழைக்கலாம். பிரிந்ததும் வேறு வேறு அறையில் விடுங்கள். உடனே சமாதானம் செய்துவைக்க முயல வேண்டாம். முடிக்குள் மறைந்திருக்கும் பல் துளை சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கும் என்பதால், மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

மனிதர் மேல் பல் பட்டுவிட்டால், அது தடுப்பூசி போட்ட வீட்டு நாய்தான் என்றாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். ரேபிஸ் வந்தபின் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

ரத்தக் காயம் வருமளவுக்குச் சண்டை திரும்பத் திரும்ப வந்தால், வீட்டு வைத்தியம் போதாது. கால்நடை மருத்துவர், அடிக்காமல் சொல்லித்தரும் பயிற்சியாளர் இருவரின் உதவியும் வேண்டும். சில ஜோடிகளைத் தனித்தனியே வைத்திருப்பதுதான் இரண்டுக்கும் நல்லது.

ஜிம்மி வீட்டில் அந்த அளவுக்குப் போகவில்லை. கருப்பனை யாருக்கும் கொடுக்கவும் இல்லை. ஹாலில் மேட் விரித்து, கருப்பனின் மாலை வாக்கிங்கை அரை மணி நேரம் கூட்டி, டைனிங் டேபிள் ஓரத்தில் தடுப்பு வைத்து இரண்டு மாதம் ஆகிறது. பாட்டியும் பிஸ்கட் டப்பாவோடு தயாராக இருக்கிறார். “கருப்பா, இங்க வா” என்றால் பாதி ஆட்டத்தில் விட்டுவிட்டு ஓடிவருகிறான்.

போன வாரம் ஓர் இரவு ஜிம்மி தானாகவே தடுப்புக்கு வெளியே வந்தான். மேட்டின் மேல் நின்று, வயதான முன்னங்கால்களை மெதுவாக நீட்டிக் கருப்பனுக்கு ஒரு கும்பிடு போட்டான். ஆட்டம் மூன்று நிமிடம்கூட நீடிக்கவில்லை. அன்று யாரும் ‘பிரிச்சு விடுங்க’ என்று கத்தவில்லை. பாட்டி காலைத் தூக்கி சோபாவில் வைக்கவும் இல்லை.