“மாப்ள, பையன்கிட்ட சொல்லிராத!”

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி பத்தரை மணிக்கு அத்தானிடமிருந்து போன். அந்த நேரத்துக்கு போன் அடித்தால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கும். எடுத்தால், குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்.

“மாப்ள, ஒண்ணும் பயப்படாத. உங்க அக்கா தூங்கிட்டா. பையன் அனுப்புன கேம் பெட்டி செத்துப்போச்சுப்பா. அவன்கிட்ட சொல்லிராத.”

இந்தப் பகுதியில் மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, வைஃபை மோடம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு விளையாட்டுப் பெட்டி. ‘எங்க வீட்டுல அது இல்லையே’ என்று தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த கரன்ட் சாமான் ஏதாவது உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தால், பாதிக் கதை உங்களுக்கும்தான்.

அக்கா மகனுக்கு டோக்கியோவில் வேலை. அவன் மூன்றாவது படித்தபோது, 1993-ல், அத்தான் தவணையில் ஒரு டிவி கேம் வாங்கிக் கொடுத்தார். அதில் முக்கால்வாசி நேரம் விளையாடியது அத்தான்தான் என்பது அக்காவின் இன்றுவரையிலான குற்றச்சாட்டு. அந்தக் காலத்தில் நம் ஊரில் விற்ற டிவி கேம்கள் பெரும்பாலும் நகல்கள். அசல், ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி 1983 ஜூலை 15 அன்று வெளியிட்ட ஃபேமிகாம். விலை 14,800 யென். வெள்ளை உடம்பு, அரக்குச் சிவப்பு ஓரம், இரண்டு பக்கமும் செருகி வைக்கிற கன்ட்ரோலர்கள். அத்தானுக்கு எழுபது நிறைந்ததும், ‘நகல்ல விளையாடினது போதும்ப்பா, இந்தாங்க அசல்’ என்று அகிஹபாராவில் ஒரு பழைய கேம் கடையில் வாங்கி, ஊருக்கு வந்த நண்பனிடம் கொடுத்தனுப்பியிருந்தான் மருமகன்.

வந்தது, ‘ஏவி மாற்றம்’ செய்த பெட்டி. அதாவது, யாரோ திறந்து, கைவைத்து, மஞ்சளும் வெள்ளையுமாக இரண்டு சாக்கெட் வைத்திருக்கிறார்கள். இது தேவையான வேலைதான். முதலில் வந்த ஃபேமிகாமில் ஆன்டெனா வயர் வழியாக மட்டும்தான் படம் வெளியே வரும். அதுவும் ஜப்பான் டிவியின் ஒன்று அல்லது இரண்டாம் சேனலில் - 91.25 அல்லது 97.25 மெகாஹெர்ட்ஸ். நம் ஊரில் அந்த இடத்தில் எஃப்.எம். ரேடியோ பாடிக்கொண்டிருக்கிறது! தட்டுத் தடுமாறிப் படத்தைப் பிடித்தாலும் சத்தம் சேராது. அங்கே சத்தம் படத்திலிருந்து 4.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வரும். நம் பழைய டிவிகள் 5.5 தள்ளித் தேடும். அதனால்தான் படம் போடும் சிப்பின் காலிலேயே வயர் பிடித்து, ஒரு குட்டி டிரான்சிஸ்டரால் அதற்கு வலுவேற்றி, நேராக ஏவி சாக்கெட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். நிண்டெண்டோவே 1993 டிசம்பரில் ஏவி சாக்கெட்டோடு புது மாடல் ஒன்றைக் கொண்டுவந்தது. ஆனால், அத்தானுக்குப் பழைய முகம்தான் வேண்டும் என்று மருமகனுக்குத் தெரியும்.

அனுப்பும்போது அவன் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். “அப்பா, கூட இருக்குற அடாப்டரை நம்ம பிளக்ல சொருகிடாதீங்க. ஜப்பான் கரன்ட் 100 வோல்ட். நம்மளது 230. புகைஞ்சிரும். நான் பொங்கலுக்கு வரும்போது வேற கொண்டுவரேன்.”

அத்தான் சொன்னபடியே கேட்டார். அந்த அடாப்டரைத் தொடவில்லை. பொங்கல்வரை பொறுக்க முடியாமல், மோடத்தின் அடாப்டரைக் கழற்றிச் சொருகினார். முனை அவ்வளவு அழகாகப் பொருந்தியதாம். ஸ்விட்சைத் தள்ளினார். ஒன்றும் நடக்கவில்லை. லேசாக ஒரு வாசனை மட்டும்.

சனிக்கிழமை மதுரையிலிருந்து பஸ் பிடித்துப் பாளையங்கோட்டைக்குப் போனேன். மல்ட்டிமீட்டர் பையில்.

எந்தப் பெட்டி செத்துப்போனாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, ‘எதைச் சொருகுனீங்க?’ மோடம் அடாப்டரை வாங்கிப் பார்த்தேன். 12 வோல்ட். அதன் முதுகில், எழுத்துகளுக்கு நடுவே, ஒரு குட்டிப் படம் இருக்கும். உங்கள் வீட்டு அடாப்டரிலும் பாருங்கள். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி ஒரு அரைவட்டம், இரண்டு பக்கமும் ஒரு பிளஸ், ஒரு மைனஸ். புள்ளி என்பது முனையின் உள்துளை, அரைவட்டம் வெளிச்சுற்று. மோடத்தில் புள்ளியிலிருந்து போகும் கோடு பிளஸுக்குப் போகிறது. ஃபேமிகாமுக்கு நேர் எதிர்: 10 வோல்ட் டி.சி., 850 மில்லிஆம்பியர், உள்துளை மைனஸ். முனையின் அளவு மட்டும் ஒன்று. பொருந்துகிறது என்பதற்காகச் சொருகினால், மின்சாரம் தலைகீழாக உள்ளே போகும். 12 வோல்ட்டால் வந்த வினை இல்லை இது, திசையால் வந்தது.

“பொருந்துச்சே மாப்ள” என்றார் அத்தான், மூன்றாவது முறையாக.

கீழே இருப்பது சாதாரண ஸ்டார் ஸ்க்ரூக்கள்தான். திறந்தால், பின்பக்கச் சின்ன போர்டில் ஒரு தகட்டோடு ஒட்டிக்கொண்டு மூன்று கால் பூச்சி மாதிரி ஒன்று நிற்கிறது. வருகிற பத்து வோல்ட்டை ஐந்தாகக் குறைத்து சிப்புகளுக்குத் தருவது அதுதான். பக்கத்திலிருந்த கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது. வாசனை வந்த இடம் தெரிந்துவிட்டது.

சாலிடரிங் அயர்ன் கொண்டுபோகவில்லை. தெரு முனையில் பழைய டிவி மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். இப்போது அவருக்கு எல்.ஈ.டி. பல்பு ரிப்பேர்தான் பிழைப்பு. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்ன சார், ஜப்பான்னு சொல்லிப் பயமுறுத்துனீங்க? இது நம்ம 7805!” ஆம்ப்ளிஃபையரிலும் பழைய டிவியிலும் அவர் ஆயிரம் மாற்றியிருப்பார். டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து மாற்றினார், கெப்பாசிட்டரையும் மாற்றினார். பொருளுக்கு ஆன செலவைவிட நாங்கள் குடித்த டீக்குத்தான் அதிகம் ஆனது.

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. பூச்சியை மாற்றியதும் கேசட்டைச் செருகி ஆன் பண்ணத்தான் கை துடிக்கும். முதலில் கேசட் இல்லாமல், அதன் மூன்றாவது காலில் ஐந்து வோல்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். வந்தால்தான் மேற்கொண்டு. தலைகீழ்க் கரன்டில் பெரும்பாலும் இந்தப் பூச்சி முதலில் அடி வாங்கிக்கொள்ளும், சிப்புகள் தப்பிவிடும். பெரும்பாலும்தான், எப்போதும் இல்லை. மீட்டர் ஐந்து காட்டுகிறவரை அத்தான் கடை வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. ஐந்து என்று நான் சத்தமாகச் சொன்ன பிறகுதான் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

சரி, எந்த அடாப்டர் போடுவது? மியூசிக் கடையில் கிடார் பெடலுக்கு விற்கும் 9 வோல்ட் அடாப்டர். அதில் உள்துளை மைனஸ் இருப்பதுதான் வழக்கம், முனையும் பொருந்தும். டி.சி.தானா, ஆம்பியர் ஒன்றுக்குக் குறையாமல் இருக்கிறதா, அந்தக் குட்டிப் படம் சரியா - மூன்றையும் கடையிலேயே பார்த்து வாங்குங்கள். 9 வோல்ட் போதும்; ஐந்துக்கு இறக்கத்தானே போகிறது.

வீட்டுக்கு வந்து டிவியில் மாட்டினோம். இந்த ஃபேமிகாமில் பவர் லைட்டே கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘லைட் எரியல, செத்துப்போச்சு’ என்று முடிவுகட்டாதீர்கள். படம் வந்தது. கறுப்பு வெள்ளையில்.

அத்தான் முகம் மறுபடி தொங்கிவிட்டது. “சிப்பு போயிருக்குமோ?”

சிப் போனால் இப்படி நேர்த்தியான கறுப்பு வெள்ளை வராது. டிவியின் முதுகைப் பார்த்தேன். இப்போதைய பல டிவிகளில் மஞ்சள் முனைக்கென்று தனி ஓட்டை கிடையாது. பச்சையோடு சேர்த்து ஒரே ஓட்டை. மெனுவில் ‘காம்போனென்ட்’ என்று தேர்ந்தெடுத்திருந்தால், டிவி அந்த வயரில் வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நிறத்தை விட்டுவிடும். ‘ஏவி’ என்று மாற்றியதும் நிறம் வந்தது. அப்படியும் வராவிட்டால், மெனுவில் கலர் சிஸ்டம் ‘பால்’ என்று பூட்டியிருக்கிறதா பாருங்கள். ‘ஆட்டோ’ அல்லது ‘என்.டி.எஸ்.சி.’ வையுங்கள். ஜப்பான் பெட்டி விநாடிக்கு சுமார் 60 படம் அனுப்பும், நம் பழைய முறை 50. புது டிவிகள் பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும். பரணில் கிடக்கும் பழைய பெட்டி டிவி என்றால், படம் நிறமில்லாமல் உருண்டுகொண்டே இருக்கலாம். அது கேமின் தப்பில்லை.

ஹெட்போன் துளை மாதிரி ஏவி துளை வைத்த டிவி என்றால் இன்னொரு தொல்லை உண்டு. அதற்கான வயர்கள் எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருக்கும். உள்ளே இணைப்பு வேறு வேறு. படம் வராமல் ‘கொர்ர்ர்’ என்று சத்தம் மட்டும் வந்தால், மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். பாதி நேரம் அதுவே போதும்.

நிறம் வந்த பிறகு, நீல வானத்தில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் தெரிந்தன, ஜன்னல் கம்பி மாதிரி. இந்தப் பழைய போர்டுகளில் பக்கத்துத் தடங்களின் இரைச்சல் படத்துக்குள் கசிவதால் வருவது. சிப்பின் காலைத் தூக்கி, வயரைச் சுருக்கி, இதைக் குறைக்க வழி உண்டு. நான் தொடவில்லை. நாற்பது வருஷத்துச் சிப்பின் காலை வளைத்து அது முறிந்தால், கோடும் இருக்காது, வானமும் இருக்காது. அத்தானிடம் கேட்டேன். “எந்தக் கோடு?” என்றார். சரி, விட்டுவிட்டேன்.

அடுத்து கேசட். மருமகன் ஒன்றுதான் அனுப்பியிருந்தான். அக்கா திடீரென்று பரண் பக்கம் கையைக் காட்டி, “அந்தப் பழைய கேசட்டெல்லாம் அங்கதான கெடக்கு?” என்றாள். ஏணி வைத்து எடுத்தோம். நம் ஊர் நகல் மெஷின்களுக்கு வந்த கேசட்டும் அசலைப் போலவே 60 முனை. அதனால் அப்படியே ஃபேமிகாமில் உட்காரும். அமெரிக்காவில் விற்ற மெஷினின் கேசட் 72 முனை, அது உட்காராது. ‘9999 இன் 1’ என்று போட்டிருந்த கேசட்டைச் செருகியதும் திரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோலம்.

அத்தான் உடனே கேசட்டை எடுத்து வாயில் வைத்து ஊதப் போனார். பறித்துவிட்டேன். நாம் எல்லோரும் செய்ததுதான், ஊதினால் வேலையும் செய்தது. ஆனால், சரியானதற்குக் காரணம் எடுத்து மறுபடி செருகியதுதான், ஊதியது இல்லை. எச்சிலின் ஈரம் அந்தச் செப்பு முனைகளை அரித்துக்கொண்டே வந்தது. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, முனைகளில் ஒரே திசையில் தேய்த்தேன். மருந்துக் கடையில் கிடைக்கும். ஆறு குச்சி கறுத்தது. ஐந்து நிமிஷம் உலரவிட்டுச் செருகினால், டாங்க் கேம்!

அதன் பெயர் ‘பேட்டில் சிட்டி’. 1985-ல் நாம்கோ கம்பெனி ஃபேமிகாமுக்காகவே போட்டது. அத்தானும் மகனும் சேர்ந்து செங்கல் சுவரை உடைத்துக்கொண்டிருந்த அதே கேசட்.

“பையனைக் கூப்பிடுவோமா?” என்றேன். அத்தான் யோசித்தார். வீடியோ காலில் மருமகன் வந்தான். டிவி ஓடுவதைப் பார்த்ததும், “அப்பா! எந்த அடாப்டர் போட்டீங்க?” என்றுதான் முதலில் கேட்டான். அத்தான் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

ஃபேமிகாமின் இரண்டாவது கன்ட்ரோலரில் ஸ்டார்ட், செலக்ட் பட்டன் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு குட்டி மைக், பக்கத்தில் சத்தம் கூட்டும் தள்ளுபட்டன். நம் நகல்களில் நான் பார்த்திராத சமாசாரம். “மாமா, அப்பாகிட்ட அந்த மைக்கைக் காட்டுங்க” என்றான் மருமகன். பட்டனை மேலே தள்ளி அத்தான் கையில் கொடுத்தேன்.

அவர் அதை வாயருகே கொண்டுபோய் லேசாக இருமினார். டிவி ஸ்பீக்கரில் இருமல் கேட்டது. ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். அப்புறம் டிவிக்குள்ளிருந்து அத்தான் குரல் வந்தது, கல்யாண மண்டப மைக் மாதிரி.

“ஏல, மோடம் அடாப்டரைச் சொருகிட்டேன்டா.”

டோக்கியோவில் அவன் சிரித்த சிரிப்பில் போன் திரை ஆடியது. சிரித்து முடித்துவிட்டு, “எனக்கு ரெண்டாவது டாங்க்கை விட்டு வைங்கப்பா, பொங்கலுக்கு வரேன்” என்றான். அக்கா, “அதுவரைக்கும் மோடத்துக்கு யாரு அடாப்டர் வாங்கித் தருவா?” என்று கேட்டாள். அப்போதுதான் கவனித்தோம், ஒரு வாரமாக அந்த வீட்டில் வைஃபை இல்லை. அக்காவின் மொபைல் டேட்டாவில்தான் இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருந்தோம்.