பொதியைக் கொடுங்கள், முகத்தைக் கேட்காதீர்கள்

ஏதாவதொரு தோட்டத்தில் மண் சரிந்தால் போதும், பேஸ்புக்கில் இரண்டு விதமான பதிவுகள் ஓடத் தொடங்கிவிடும். ஒன்று, உலருணவுப் பொதியைக் கையில் பிடித்துக்கொண்டு கெமராவைப் பார்த்து நிற்கிற அம்மாமாரின் படங்கள். மற்றது, உதவி தேவைப்படும் குடும்பங்களின் பட்டியல். பெயர், டிவிஷன், லய இலக்கம், ஐடி நம்பர், போன் நம்பர், பிள்ளைகளின் வயது எல்லாம் அதில் இருக்கும். இதைச் செய்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெரும்பாலும் இளைஞர் மன்றங்கள், பழைய மாணவர் சங்கங்கள், நமக்குத் தெரிந்த அண்ணன்மார்தான். அதனால்தான் நேராகவே சொல்கிறோம்: இதை நிறுத்துங்கள்.

ஐடி நம்பர் வெறும் நம்பர்தானே என்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 12 இலக்க அடையாள அட்டையில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். நம்பர் 2003545 என்று தொடங்கினால், அவர் 2003 பெப்ரவரி 14இல் பிறந்த ஒரு பெண். இதைக் கண்டுபிடிக்க ஹேக்கர் தேவையில்லை, கூட்டிக் கழிக்கத் தெரிந்தால் போதும். இத்தனை விபரமும் கையில் வைத்திருக்கிற ஒருவன் கோல் எடுத்து, "அக்கா, அஸ்வெசும ஒபிஸ்ல இருந்து பேசுறன், உங்க போனுக்கு வந்த நம்பரச் சொல்லுங்க" என்றால் அந்த அக்கா ஏன் சந்தேகப்படப் போகிறார்? அவன் எல்லாவற்றையும் சரியாகத்தானே சொல்கிறான்.

பாஸ்வேர்டைக் கடினமாக வை, புரொபைலை லொக் பண்ணு, தெரியாதவனின் ரிக்குவெஸ்ட்டை எடுக்காதே. பாதுகாப்பு என்றதும் எல்லோரும் சொல்வது இதைத்தான். தப்பில்லை. ஆனால் அவரவர் விபரத்தை அவரவரே போடுகிறார் என்று நினைத்துச் சொல்கிற அறிவுரை அது. எங்கள் பாட்டிமாருக்கு பேஸ்புக் கணக்கே கிடையாது. அவர்கள் எதை லொக் பண்ணுவது?

கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்திலும் நடந்தது இதுதான். ஒரு செயலியை நிறுவியவர்கள் சுமார் 270,000 பேர். ஆனால் அவர்களுடைய நண்பர்களின் விபரங்களும் சேர்ந்து போனதால், 8 கோடி 70 இலட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று 2018இல் பேஸ்புக்கே ஒத்துக்கொண்டது. ஒருவர் சரி என்று அழுத்த, இன்னொருவரின் விபரம் போனது. தோட்டத்தில் அந்தச் "சரி"யை அழுத்துவது கொடையாளியின் போன்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவலையும் சிறுவர்களின் தகவலையும் விசேட வகையாகவே வைத்திருக்கிறது. ஆனால் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கியமான பகுதிகள் தள்ளிப்போடப்பட்டன. சட்டம் வரும்வரை கிளினிக் கொப்பியைப் படமெடுத்து டைம்லைனில் போட்டுக்கொண்டே இருப்போமா?

"படம் போட்டாத்தான் காசு வரும், கணக்குக் காட்டணும்" என்பார்கள். கணக்குக் காட்டத்தான் வேண்டும். கடை பில்லைப் போடுங்கள், எத்தனை பொதி, எந்தத் தோட்டம் என்று எழுதுங்கள், அடுக்கிவைத்த பொதிகளைப் படமெடுங்கள். கணக்குக்கு முகம் எதற்கு? "கேட்டுட்டுத்தான் எடுத்தோம்" என்பார்கள். மாவுக்கும் பருப்புக்கும் வரிசையில் நிற்கிற தாயிடம் கேட்டால் அவர் வேறென்ன சொல்வார்? மாட்டேன் என்று சொல்ல முடியாத இடத்தில் வாங்குகிற சம்மதம், சம்மதமே இல்லை.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 2003இன் சட்டம் வரும்வரை ஒரு துண்டுக் காகிதத்துக்காக அலைந்த குடும்பங்கள் எத்தனை! அப்படிக் கிடைத்த அடையாளம் இன்று ஒரு ஷெயாருக்காக ஊரெல்லாம் சுற்றுகிறது. கொழுந்து குறைந்தால் செக்ரோலில் அரைப்பேர்தான். பேஸ்புக்கில் மட்டும் எங்களுக்கு முழுப்பேர், முழு முகவரி.

மலையகத்தில் உதவி செய்கிற எல்லா அமைப்புகளிடமும் நாங்கள் கேட்பது நான்கு விஷயம். பொதி வாங்குகிறவரின் முகம் வேண்டாம், பிள்ளைகளின் முகம் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். பயனாளிப் பட்டியல் பொறுப்பான ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும், வட்ஸ்அப் குரூப்பிலும் சுற்ற வேண்டாம். சிகிச்சைக்குக் காசு சேர்க்கும்போது நோயாளியின் ஐடி, கிளினிக் நம்பர்களை மறையுங்கள், காசு சேர்ந்ததும் பதிவை அழியுங்கள். ஓ/எல் ரிசல்ட் ஷீட்டை வாழ்த்தோடு பகிர்கிறவர்கள் சுட்டெண்ணையும் ஐடியையும் வெட்டிவிட்டுப் போடுங்கள்.

பழைய பதிவுகளும் இன்னும் அப்படியே கிடக்கின்றன. உங்கள் மன்றத்தின் பக்கத்துக்குப் போய் இந்த வாரமே அவற்றை அழிக்கத் தொடங்குங்கள்.