தாவீதை மன்னித்த பிறகு

குறைவுள்ளவர்களையும் கர்த்தர் பயன்படுத்துவார் என்ற பிரசங்கத்தைக் கேட்காமல் தமிழ்நாட்டில் ஒரு கிறிஸ்தவப் பெண் நாற்பது வயதைத் தொட்டிருக்க முடியாது. விளாங்குடியில் நான் இருக்கும் பகுதியில் கத்தோலிக்கரும் இருக்கிறோம், சி.எஸ்.ஐ.காரர்களும் இருக்கிறோம், மாடியை வாடகைக்குப் பிடித்து நடத்தும் பெந்தெகொஸ்தே சபைகளும் இருக்கின்றன. உபதேசத்தில் ஆயிரம் வேறுபாடு சொல்வார்கள். இந்த ஒரு பிரசங்கத்தில் மட்டும் எல்லோரும் ஒன்று. ஆபிரகாம் பொய் சொன்னான், யாக்கோபு ஏமாற்றினான், மோசே கொலை செய்தான், பேதுரு மறுதலித்தான், தாவீது விழுந்தான். ஆனாலும் கர்த்தர் அவர்களைத் தள்ளிவிடவில்லை, உன்னையும் தள்ளமாட்டார். இந்த இடத்தில் கீபோர்டு மெதுவாக ஆரம்பிக்கும்.

எனக்கு அந்தப் பிரசங்கத்தின் மேல் கோபம் இல்லை. வேலை போனவர், குடித்துச் சீரழிந்தவர், கடனில் மூழ்கியவர் என்று எத்தனையோ பேர் அதைக் கேட்டு நிமிர்ந்திருக்கிறார்கள். என் கோபம் அந்தப் பட்டியலின் மேல். அது ஆண்களின் பட்டியல். ஆணின் குறை அவனுடைய சாட்சிக்கு முன்னுரையாகிறது. பெண்ணின் குறையோ அவளுடைய கதைக்கு முடிவுரையாகிறது. லோத்தின் மனைவி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், உப்புத்தூணாகவே நிற்கிறாள். தகப்பன் லோத்து தன் இரண்டு மகள்களையும் தெருக் கும்பலுக்குக் கொடுக்கத் தயாராக இருந்தான். புதிய ஏற்பாட்டில் அவன் நீதிமான். சிம்சோன் விசுவாச வீரன், தெலீலாள் வசைச்சொல். எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தில் விசுவாசிகளின் நீண்ட வரிசை ஒன்று வருகிறது. சாராளும் ராகாபும் அதில் உண்டு. ஆனால் நியாயாதிபதிகள் காலத்துக்கு வரும்போது பாராக்கின் பெயர் இருக்கிறது, தெபொராளின் பெயர் இல்லை. நீ கூட வராவிட்டால் நான் போருக்குப் போகமாட்டேன் என்று தெபொராளிடம் சொன்னவன்தான் அந்தப் பாராக். தன் மகளையே பலி கொடுத்த யெப்தாவும் அந்த வரிசையில் நிற்கிறான். அவன் மகளுக்குப் பெயர்கூட இல்லை.

மகதலேனா மரியாளுக்குச் செய்தது இதைவிட மோசம். ஏழு பிசாசுகள் நீங்கியவள் என்று லூக்கா சொல்கிறார். விபசாரி என்று நான்கு சுவிசேஷங்களில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. கி.பி. 591இல் போப் முதலாம் கிரகோரி ஒரு பிரசங்கத்தில் அவளையும், இயேசுவின் பாதத்தைக் கண்ணீரால் நனைத்த பெயர் தெரியாத பெண்ணையும், பெத்தானியா மரியாளையும் ஒரே ஆளாக்கினார். மேற்கத்தியத் திருச்சபை அதைப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தது. 1969இல் ரோமன் நாட்காட்டியைத் திருத்தியபோதுதான் மூவரும் பிரிந்தார்கள். 2016இல் போப் பிரான்சிஸ் அவளுடைய நினைவுநாளை, அப்போஸ்தலர்களுக்கு உள்ளதுபோல, திருவிழாவாக உயர்த்தினார். உயிர்த்தெழுதலின் முதல் சாட்சி அவள். செய்த கொலையிலிருந்து ஆணை மீட்கத் தெரிந்த சபை, செய்யாத பாவத்தை இவள் தலையில் கட்டியது. எங்கள் பக்கத்து நாடகங்களில் இன்றும் அவளுக்குச் சிவப்புச் சேலைதான்.

இனி தாவீதுக்கு வருவோம். இந்தப் பட்டியலின் நாயகன் அவன்தான்.

மொட்டைமாடியில் குளித்துக்கொண்டிருந்த பத்சேபாளைப் பார்த்துத் தாவீது விழுந்தான் என்று சிறுவயதில் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 2 சாமுவேல் பதினோராம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மாடியில் இருந்தது தாவீது. அரண்மனை உப்பரிகையில் உலாத்திக்கொண்டிருந்தவன் அவன். அவள் எங்கே குளித்தாள் என்று வசனம் சொல்லவே இல்லை. மாதவிலக்கின் தீட்டு கழிந்து சுத்தம் செய்துகொண்டாள் என்பதுதான் சொல்லப்படுகிறது, அதாவது அவளுடைய மதம் அவளைச் செய்யச் சொன்னதைச் செய்தாள். ராஜா ஆள் அனுப்பினான். ராஜாவின் ஆட்கள் வாசலில் வந்து நிற்கும்போது, கணவன் போர்முனையில் இருக்கும்போது, வரமாட்டேன் என்று சொல்லும் வழி அவளுக்கு இருந்ததா? அவளைப் பற்றி எபிரெய மூலம் பயன்படுத்தும் வினைச்சொல் 'எடுத்தான்' என்பது. பிறகு நாத்தான் தீர்க்கதரிசி வந்து, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியை எடுத்த பணக்காரனின் கதையைச் சொல்கிறார். அங்கும் அதே வினைதான். ஆட்டுக்குட்டி பாவம் செய்யாது. நாத்தான் பத்சேபாளை நோக்கி ஒரு வார்த்தைகூடக் கண்டித்துப் பேசவில்லை. மத்தேயு வம்ச வரலாறு எழுதும்போது அவள் பெயரை விட்டுவிட்டு உரியாவின் மனைவி என்று எழுதுகிறார். அது அவளுக்கு இழிவு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது தாவீதின் நெற்றியில் போட்ட சூடாகத்தான் தெரிகிறது.

தாவீது மனந்திரும்பிப் பாடியதாகத் தலைப்பிடப்பட்ட ஐம்பத்தோராம் சங்கீதம் எங்களுக்கெல்லாம் மனப்பாடம். தவக்காலத்தில் அதைச் சொல்லாத வீடில்லை. அதில் அவன் தேவனுக்கு விரோதமாக மட்டுமே பாவம் செய்ததாகச் சொல்லிக்கொள்கிறான். உரியா செத்துக் கிடக்கிறான், பத்சேபாள் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டாள். இவர்கள் இருவரும் அந்தப் பாட்டில் இல்லை. பக்தியின் மொழியில் இதற்கு ஆழமான விளக்கங்கள் உண்டு என்று எனக்குத் தெரியும், படித்தும் இருக்கிறேன். ஆனால் ஒரு சபையில் அது என்னவாக வேலை செய்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் நான் அறிந்த ஒரு சபையில், ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் மூப்பர் ஒருவர் அத்துமீறி நடந்தார். பாட்டுப் பயிற்சி முடிந்த சாயங்காலத்தில். அவள் அழுதுகொண்டே போய்ச் சொன்னது பாஸ்டரம்மாவிடம். கமிட்டி கூடியது. கமிட்டியில் பெண் கிடையாது. அவளிடம் கேட்ட முதல் கேள்வி, எல்லாரும் போன பிறகு நீ ஏம்மா அங்க நின்ன? பத்சேபாள் ஏன் அங்கே குளித்தாள் என்பதும் இதே கேள்விதான், மூவாயிரம் வருடப் பழசு. அடுத்த ஞாயிறு மூப்பர் சபை முன் மண்டியிட்டு அழுதார். தாவீதின் பிரசங்கம் நடந்தது. பலர் அவரைக் கட்டிப்பிடித்தார்கள். மூன்று மாதத்தில் மைக் அவர் கைக்குத் திரும்பியது. அந்தப் பெண் வருவதை நிறுத்திவிட்டாள், அவள் குடும்பம் வீட்டை மாற்றிக்கொண்டு வேறு ஏரியாவுக்குப் போய்விட்டது. அவள் பின்வாங்கிப் போனாள் என்று ஜெபக்கூட்டத்தில் அவளுக்காக ஜெபித்தார்கள்! அந்த ஜெபத்துக்கு நான் ஆமென் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் காரணத்தையும் சொன்னேன்.

மூப்பர் யாரிடம் மன்னிப்புக் கேட்டார்? கர்த்தரிடம் கேட்டார், சபையிடம் கேட்டார். யாருக்குத் தீங்கு செய்தாரோ அவளிடம் கேட்கவில்லை. அவள் மன்னித்தாளா என்பது நிகழ்ச்சிநிரலிலேயே இல்லை.

தாவீதின் பிரசங்கம் எப்போதும் பன்னிரண்டாம் அதிகாரத்தோடு முடிந்துவிடும். நான் கேட்பது, அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொல்லித்தான். பதின்மூன்றாம் அதிகாரத்தில் தாவீதின் மகள் தாமார் இருக்கிறாள். அவளை அண்ணன் அம்னோன் நோய்வாய்ப்பட்டவன்போல் படுத்துக்கொண்டு, பலகாரம் சுட்டுத் தரச் சொல்லி வரவழைத்துக் கெடுக்கிறான். அவளை அனுப்பி வைத்தது தகப்பன் தாவீதுதான். வேண்டாம் என்கிறாள், இஸ்ரவேலில் இப்படிச் செய்யக்கூடாது என்கிறாள், என் வெட்கத்தோடு நான் எங்கே போவேன் என்று கேட்கிறாள். அந்த அதிகாரத்தில் நிதானத்தோடு பேசும் ஒரே ஆள் அவள்தான். பிறகு தலையில் சாம்பலைப் போட்டு, அங்கியைக் கிழித்து, சத்தமிட்டு அழுதுகொண்டே தெருவழியே போகிறாள். சும்மாயிரு, அவன் உன் சகோதரன் என்கிறான் கூடப்பிறந்த அப்சலோம். தாவீதுக்குக் கடுங்கோபம் வந்தது என்று எழுதியிருக்கிறது. கோபத்தோடு சரி. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் கூடுதலாக ஒரு வாக்கியம் உண்டு, அம்னோன் மூத்த மகன், அவன்மேல் பாசம், அதனால் அவனை வருத்தப்படுத்தவில்லை என்று. நம்மூர்க் கமிட்டிகளைத் தெரிந்த யாருக்கும் அந்த வாக்கியம் ஆச்சரியம் தராது.

இன்னும் போங்கள். அப்சலோம் கலகம் செய்ய, தாவீது தப்பி ஓடும்போது வீட்டைப் பார்த்துக்கொள்ளப் பத்து மறுமனையாட்டிகளை விட்டுப் போகிறான். அரண்மனை மாடியில் கூடாரம் போட்டு, ஊர் பார்க்க, அப்சலோம் அவர்களைச் சீரழிக்கிறான். தாவீது திரும்பி வந்ததும் அந்தப் பத்துப் பேரையும் ஒரு வீட்டில் அடைத்து, சாப்பாடு போட்டு, சாகும்வரை விதவைகளாக வைத்தான். 2 சாமுவேல் இருபதாம் அதிகாரம், மூன்றாம் வசனம். மனந்திரும்பிய பிறகு நடந்தது இது. இதை வைத்து ஒரு பிரசங்கம் நான் கேட்டதில்லை. வேதம் எதையும் ஒளிக்கவில்லை. ஒளிப்பவர்கள் நாம்.

இதெல்லாம் அந்தக் காலம் என்று சொல்கிறவர்களுக்கு: இந்தியக் கிறிஸ்தவர்களின் விவாகரத்தை 1869ஆம் ஆண்டின் சட்டம் நடத்தியது. மனைவி தவறினாள் என்பது மட்டும் போதும், கணவனுக்கு விவாகரத்து. கணவன் தவறினான் என்பது மனைவிக்குப் போதாது. கூடவே கொடுமையோ, கைவிடுதலோ, வேறேதோ ஒன்றையும் அவள் நிரூபிக்க வேண்டும். 2001இல்தான் அதைத் திருத்தினார்கள். நூற்று முப்பத்திரண்டு வருடம், தாவீதுக்கு ஒரு சட்டம், பத்சேபாளுக்கு ஒரு சட்டம். 2015 ஜூனில், கடலூர் மாவட்டத்து வன்கொடுமை வழக்கொன்றில் தண்டனை பெற்றவனுக்கு, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசச் சென்னை உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. அந்தப் பெண் சமரசத்துக்கு மறுத்துவிட்டார். இப்படிப்பட்ட வழக்குகளில் சமரசத்துக்கு இடமே இல்லை என்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, அந்த உத்தரவு ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. சும்மாயிரு என்ற அப்சலோமின் குரல் கறுப்பு அங்கியிலும் பேசும், வெள்ளை அங்கியிலும் பேசும்.

பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் கமிட்டிக்கு மன்னிக்கும் உரிமையே கிடையாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் போலீஸுக்குச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, தனக்குக் கீழ் இருப்பவர் செய்த குற்றத்தை ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஒரு வருடம் வரை. உள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வோம் ஐயா என்று சொல்லும் மூப்பர்கள் இதை எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் ஆண்களுக்குக் கிருபையே இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. சகேயுவைப் பாருங்கள். ஞாயிறு பள்ளியில் அவனை மரம் ஏறிய குள்ளனாக மட்டும் பாட்டுப் பாடி அனுப்பிவிடுகிறோம். அவன் வரி வசூலில் ஊரைச் சுரண்டியவன். இயேசு வீட்டுக்கு வந்தவுடன் அவன் அழுததாக எழுதவில்லை. கணக்குச் சொன்னான். சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியதற்கு நாலத்தனை திருப்பி. அதன் பிறகுதான் இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொல்கிறார். அந்த மூப்பர் அவளிடம் போய், அவள் அப்பா அம்மா முன்னால், நான் செய்தேன், அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லியிருந்தால், மைக்கைத் தொடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தால், அந்தக் குடும்பம் வீடு மாற்றிய செலவை ஏற்றிருந்தால், நானும் அவரைப் பற்றி வேறு மாதிரி எழுதியிருப்பேன். குறைவுள்ளவர்களிடம் கற்கச் சொல்கிறீர்களே, இவனிடம் கற்கச் சொல்லுங்கள்.

தென்னாப்பிரிக்காவில், குவாசுலு நட்டால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உஜாமா மையம் 2000களின் தொடக்கத்திலிருந்து தாமார் இயக்கம் என்ற ஒன்றை நடத்துகிறது. பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. சபைப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து 2 சாமுவேல் பதின்மூன்றை வாசிக்கிறார்கள். இந்தக் கதையில் வரும் ஆண்கள் ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள்? தாமார் என்ன சொன்னாள்? நம் சபையில் தாமார்கள் உண்டா? இப்படிச் சில கேள்விகள். நமக்கு இது இறக்குமதிச் சரக்கும் அல்ல. விளாங்குடியிலிருந்து கொஞ்ச தூரத்தில், அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கேப்ரியேலா டீட்ரிச் 1970களிலிருந்து பாடம் நடத்திக்கொண்டே பெண்ணுரிமை இயக்கத்தில் குடிசைப்பகுதிப் பெண்களோடு தெருவில் நின்றவர். அங்கே படித்து வந்தவர்கள் எத்தனை பேர் நம் மேடைகளில் நிற்கிறார்கள். வகுப்பில் கேட்டது ஏன் பிரசங்கத்துக்கு வரவில்லை என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

நாங்கள் எட்டுப் பேர் போன தவக்காலத்திலிருந்து வியாழன் மத்தியானம் கூடுகிறோம். பரவை மார்க்கெட்டில் காய் விற்கிறவர் ஒருவர், வீட்டு வேலைக்குப் போகிறவர் இரண்டு பேர், ரிட்டயர்டு டீச்சர் ஒருவர், மற்றவர்கள் என்னைப்போல. இரண்டு பேருக்கு எழுத்து வாசிக்க வராது, அதனால் ஒருவர் சத்தமாக வாசிப்போம். பத்து மறுமனையாட்டிகளின் வசனத்தை வாசித்த அன்று காய் விற்கிற பெரியம்மா கேட்டார், "ஏத்தா, அந்தப் பத்துப் பேருக்கும் பேரு போட்டிருக்கா?" போடவில்லை என்றேன். "சோறு போட்டதை மட்டும் மறக்காம எழுதியிருக்கான்" என்றார். அன்றைக்கு வேறு எதையும் வாசிக்க முடியவில்லை. தன் தங்கையைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தார், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த வியாழனுக்கு யெப்தாவின் மகளை எடுத்திருக்கிறோம்.