வடிகட்டியைக் கழுவ மெக்கானிக் எதற்கு?

திருவனந்தபுரத்தில் துணி துவைப்பது எளிது. உலர்த்துவதுதான் பெரும் பாடு. இடவப்பாதியில் பிடிக்கும் மழை ஓய்ந்து, நாலு நாள் நல்ல வெயில் காய்வதற்குள் துலாவர்ஷம் வந்துவிடுகிறது. ஒற்றை அறை வாடகை வீட்டில் கொடி கட்டவும் இடமில்லை. சாலைக் கடைத்தெருவை அண்டியும் கரமனைப் பக்கத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் சலவை இயந்திரம் இன்று ஆடம்பரப் பொருளாக இல்லாததற்கு இதுவே காரணம். தவணையில் வாங்கியதோ, இன்னொருவர் பயன்படுத்தி விற்ற பழையதோ, குளியலறை வாசலில் ஒன்று நிற்கிறது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அது ஒரு நாள் நின்றாலும் மறுநாள் உடுத்திச் செல்லத் துணி இல்லை.

ஆனால் வாங்கும்போது காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கைக் கூடப் பின்னர் யாரும் காட்டுவதில்லை. இயந்திரம் நின்றவுடன் மெக்கானிக்குக்குப் போன் போகிறது. அவர் வருகிறார், கீழே உள்ள வடிகட்டியைத் திருகி எடுக்கிறார், உள்ளிருந்து ஓர் ஐந்து ரூபாய் நாணயமும் சட்டைப் பொத்தானும் விழுகின்றன. வந்து போன கூலியை வாங்கிக்கொண்டு கிளம்புகிறார். அவர் நேர்மையானவராக இருந்தால் நஷ்டம் அத்துடன் நின்றது. இல்லையென்றால், 'போர்டு போச்சு அண்ணாச்சி, இதைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்குங்கள்' என்ற தீர்ப்புடன் ஒரு மாதச் சம்பளம் போகிறது.

வீட்டுக்காரரே சரி செய்யக் கூடிய கோளாறு எது, தொடவே கூடாத கோளாறு எது என்ற பாகுபாடு தெரியாததால் வரும் நஷ்டம் இது. அதைத் தெரிந்துகொள்ள டிப்ளமாவும் வேண்டாம், ஐ.டி.ஐ. சான்றிதழும் வேண்டாம். சொல்லித் தருவோர் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

தண்ணீர் செய்யும் கோளாறு

சலவை இயந்திரத்தின் கோளாறுகளில் பல, தண்ணீர் வருவதிலும் போவதிலும் உண்டாகின்றன. தானியங்கி இயந்திரத்தில் தண்ணீர் ஏறவில்லை என்றால் முதலில் குழாய் திறந்திருக்கிறதா, ஹோஸ் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இயந்திரத்தின் பின்புறம் ஹோஸ் சேரும் இடத்தைக் கழற்றினால் சிறிய சல்லடை ஒன்று தெரியும். தொட்டியின் வண்டலும் கிணற்று நீரின் செம்மண்ணும் அங்கேதான் அடைத்துக் கொள்கின்றன. பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றே அதற்குரிய கருவி.

சல்லடை சுத்தமாக இருந்தும் தண்ணீர் மெல்ல ஏறினால் தொட்டியின் உயரத்தைக் கவனிக்க வேண்டும். தொட்டியின் நீர்மட்டம் இயந்திரத்துக்கு மேலே 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் நீரின் அழுத்தம் ஏறத்தாழ 0.3 பார்தான். எவ்வளவு வேண்டும் என்பது இயந்திரத்தின் கையேட்டில் எழுதியிருக்கும். தாழ்ந்த ஓட்டு வீட்டில், தாழ்ந்த தொட்டியை வைத்துக்கொண்டு இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

தண்ணீர் வெளியேறவில்லை என்றால், முன்புறம் கதவுள்ள இயந்திரத்தில் கீழ் மூலையில் இருக்கும் பம்பு வடிகட்டியைப் பார்க்க வேண்டும். வெந்நீரில் துவைத்திருந்தால் ஆற விட்டு, பிளக்கைப் பிடுங்கி, கீழே தட்டும் பழந்துணியும் வைத்து மெல்லத் திருக வேண்டும். நாணயம், ஹேர்பின், குழந்தையின் காலுறை எல்லாம் அங்கே கிடைக்கும். இரட்டைத் தொட்டி கொண்ட அரைத் தானியங்கியில், கழிவுநீர்க் குழாயை மேலே தூக்கி வைத்திருந்தாலே தண்ணீர் போகாது. அதைத் தரையோடு தாழ்த்த வேண்டும்.

சோப்புத்தூள் அடுத்த எதிரி. கையால் துவைப்பதற்குரிய தூளை முன்கதவு இயந்திரத்தில் கொட்டினால் நுரை பொங்கி, அலசும் வேலை முடியாமல் நீளும். அளவு கூடினால் அழுக்கு கூடுதலாகப் போகும் என்பது வெறும் நம்பிக்கை.

உறுமுகிறது, சுற்றவில்லை

அரைத் தானியங்கி இயந்திரம் உறுமிக்கொண்டே சுற்றாமல் நின்றால் உடனே சுவிட்சை அணைக்க வேண்டும். உறுமலோடு விட்டுவைத்தால் மோட்டாரின் கம்பிச்சுருள் சூடேறிக் கருகிவிடும். பிளக்கைப் பிடுங்கிய பின் துவைக்கும் தட்டைக் கையால் சுற்றிப் பார்க்கலாம். இறுகி நின்றால் அடியில் துணியோ பொத்தானோ சிக்கியிருக்கிறது. தாராளமாகச் சுற்றினால் கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்க வாய்ப்பு மிகுதி. உறுமாமல் மோட்டார் ஓடியும் தட்டு சுற்றாவிட்டால் பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது.

கெப்பாசிட்டரும் பெல்ட்டும் மோட்டாரின் விலையோடு ஒப்பிட்டால் அற்பச் செலவு. பழையதன் மேல் எழுதியுள்ள மைக்ரோபாரட் எண்ணும் வோல்ட் எண்ணும் பார்த்து, அதே அளவில் வாங்க வேண்டும். ஆனால் இதை மாற்றும் வேலை மெக்கானிக்குடையது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருந்து கையைத் தாக்கும். வீட்டுக்காரருக்கு வேண்டியது, 'மோட்டார் எரிந்துவிட்டது' என்று ஒருவர் சொல்லும்போது, 'கெப்பாசிட்டரைச் சோதித்தீர்களா?' என்று கேட்கத் தெரிவதுதான். அந்த ஒரு கேள்வி பல ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றும்.

பிழியும் தொட்டி குதித்தால் துணியை ஒரே பக்கமாகத் திணித்திருக்கிறார்கள். முழு இயந்திரமும் நடந்து போனால் நான்கு கால்களில் ஒன்று தரையில் படவில்லை. பிழியும் தொட்டி சுற்றவே இல்லை என்றால் மூடி சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடித்தட்டின் திறப்பு வழியே எலி நுழைந்து ஒயரைக் கடிப்பதும் சர்வ சாதாரணம். கீழே வலை பொருத்தினால் தீர்ந்தது. கடற்காற்றும் ஈரமும் சேர்ந்த இவ்வூரில் அடித்தகடு துருப்பிடிக்காமலிருக்க இயந்திரத்தை ஸ்டாண்டின் மேல் வைப்பதும் அவசியம்.

இஸ்திரிப் பெட்டிக்கும் இதே கதைதான். சூடேறாத பெட்டிகளில் பலவற்றில் உள்ளே கோளாறு இல்லை. ஒயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் மடங்கி மடங்கி அறுந்திருக்கும். சூடான பெட்டியைச் சுற்றி ஒயரைச் சுற்றி வைக்கும் பழக்கம் அதன் ஆயுளைப் பாதியாக்குகிறது.

உயிரோடு விளையாட வேண்டாம்

'நானே பார்த்துக்கொள்வேன்' என்னும் தைரியத்துக்கு ஓர் எல்லை உண்டு. சர்க்யூட் போர்டு, மோட்டார், முன்கதவு இயந்திரத்தின் டிரம், பேரிங் ஆகியவை படித்தவர் கைக்கு உரியவை. இயந்திரத்தைத் தொட்டால் லேசாகச் 'சுரீர்' என்றாலும் அன்றே நிறுத்திவிட வேண்டும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவருக்கு அந்தச் 'சுரீர்' முன்னறிவிப்பு.

வாடகை வீடுகளில் நடக்கும் பெரிய அக்கிரமம் மூன்றாவது முள்ளைப் பற்றியது. மூன்று முள் பிளக் நுழையாத இடத்தில் இரண்டு முள் அடாப்டர் போட்டு ஓட்டுகிறார்கள். சிலர் எர்த் முள்ளையே ஒடித்துவிடுகிறார்கள். கசியும் மின்சாரம் மண்ணுக்குப் போக வேண்டிய வழியை அடைத்துவிட்டு, துணி எடுக்க வரும் பெண்ணின் உடம்பை வழியாக்கும் செயல் இது. தண்ணீரைச் சூடேற்றும் இயந்திரம் 2000 வாட் இழுத்தால் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் ஆகிறது. அதற்கு 6 ஆம்பியர் பிளக் போதாது, 16 ஆம்பியர் வேண்டும். நல்ல எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. கருவியும் வீட்டு உரிமையாளரிடம் கேட்டுப் பெற வேண்டியவை. வாடகை வாங்குபவருக்கு அந்தப் பொறுப்பு உண்டு.

கியாரண்டிக் காலம் முடியாத இயந்திரத்தை ஸ்குரூ டிரைவர் கொண்டு திறப்பதும் புத்திசாலித்தனம் அல்ல. வடிகட்டியும் சல்லடையும் கையேடே சுத்தம் செய்யச் சொல்லும் இடங்கள். அதற்கு மேல் கம்பெனியின் பொறுப்பு.

உதிரி பாகம் உரிமையே

வீட்டுக்காரர் எவ்வளவு கற்றாலும் உதிரி பாகம் கிடைக்காவிட்டால் என்ன பயன்? வீடியோகான் கம்பெனி 2018இல் திவால் நடவடிக்கைக்குள் சென்றது. ஒரு கம்பெனி இப்படித் தள்ளாடும்போது, அதன் பொருளை வாங்கியவர்கள் பாகத்துக்கு யாரிடம் போவது?

ஐரோப்பிய யூனியனில் 2021 மார்ச் முதல், சலவை இயந்திரத்தின் முக்கிய உதிரி பாகங்களை 10 ஆண்டுகள் வரை தர வேண்டும் என்பது சட்டம். கேட்ட பாகம் 15 வேலை நாட்களுக்குள் கிடைக்க வேண்டும். இந்தியாவில் மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராயக் குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், தேசிய நுகர்வோர் தினத்தன்று, இதற்கான இணைய தளத்தைத் தொடங்கியது. வீட்டுச் சாதனங்களும் அதில் அடக்கம். நல்ல தொடக்கம்தான். ஆயினும் தளத்தில் தகவல் தருவது வேறு, தந்தே தீர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவது வேறு. இரண்டாவதுதான் தேவை. அதுவரை, பாகம் தர மறுக்கும் கம்பெனி மீது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

சங்கங்கள் செய்ய வேண்டியது

இதனால் மெக்கானிக்குகளின் பிழைப்பு கெடாதா என்று சிலர் கேட்கக் கூடும். கெடாது. வடிகட்டி கழுவுவதில் அவர்களுக்குப் பெருமையும் இல்லை, பெரிய வருமானமும் இல்லை. பேரிங் மாற்றும் கைக்கு எப்போதும் வேலை உண்டு. கோளாறு எது என்று தெரிந்த வாடிக்கையாளரே நல்ல வேலைக்குத் தயங்காமல் கூலி கொடுக்கிறார். நஷ்டம் அடையப் போகிறவர் பொய் சொல்லும் மெக்கானிக் மட்டுமே.

கேரளத்துக்கு இது புதிய வழியும் அல்ல. 1962இல் தோன்றிய சாஸ்திர சாகித்ய பரிஷத், புகையில்லா அடுப்பைச் சாதாரண மக்களின் சமையலறைக்குக் கொண்டு சென்றது. விஞ்ஞானத்தை மலையாளத்தில் சொன்னதால்தான் அது சாதாரண வீட்டுக்குள் நுழைந்தது. இங்குள்ள தமிழரில் பலர் மலையாளம் சரளமாகப் பேசுவார்கள். ஆனால் வாசிப்பது தமிழ் ஒன்றே. இயந்திரத்தோடு வரும் ஆங்கிலக் கையேடு பீரோவுக்குள் போய்விடுகிறது.

திருவனந்தபுரம் தமிழ்ச் சங்கமும், தொழிற்சங்கங்களும், பேட்டைதோறும் உள்ள நூலகங்களும் மாதம் ஒரு ஞாயிறு ஒதுக்கலாம். ஒரு பழைய இயந்திரமும், அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரும், தமிழில் அச்சிட்ட எட்டுப் பக்கப் புத்தகமும் போதும். மெக்கானிக்குக்கு அன்றைய கூலியைச் சங்கமே கொடுக்கட்டும். அந்த வகுப்புக்குப் பெண்களை மட்டும் அழைத்தால் போதாது. துவைப்பது அவள் வேலை, கெட்டுப்போனால் போன் செய்வது தன் வேலை என்று இருக்கும் ஆண்கள்தாம் முதல் வரிசையில் உட்கார வேண்டும். மாதம் ஒரு முறை வடிகட்டியைக் கழுவும் அரை மணி நேரத்தை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை படிக்கும் நேரத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.