துப்பாக்கியின் விலை என்ன?

சென்ற மாதம் ஒரு மாலை. ஆழ்வார்பேட்டை எல்டாம்ஸ் சாலையில், நான் வேலை பார்க்கும் வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடை. ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பா மகன் கைப்பேசியை என் முன்னால் நீட்டினான். திரையில் ஒரு கைத்துப்பாக்கி.

"அண்ணே, இடுப்புல சொருகினா வெளிய தெரியக் கூடாது. விலையும் கம்மியா இருக்கணும். எது வாங்கலாம்?"

அவன் ரவுடி அல்ல. ஊரில் பறிபோன பஞ்சமி நிலத்தை மீட்டுத் தரச் சொல்லி மனுக் கொடுத்தவன். அதற்கு மறு வாரமே வண்டியை மறித்து, "நெலம் வேணுமா, தலை வேணுமா" என்று கேட்டிருக்கிறார்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தான். கிடைத்தது மனு ரசீது ஒன்று மட்டும். வழக்கு இல்லை. அந்த ரசீதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். அதற்குப் பதிலாக வேறொன்றை வைத்துக்கொள்ளத்தான் என்னிடம் விலை கேட்டான்.

சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. தெரிந்ததைச் சொன்னேன்.

ஆயுதச் சட்டம் 1959இன்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் சிறை. உரிமம் வேண்டுமானால் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மாவட்டங்களில் ஆட்சியரிடமும் சென்னையில் காவல் ஆணையரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் உள்ளூர்க் காவல் நிலையத்தின் அறிக்கை வேண்டும். எந்த நிலையம்? இவனுக்கு ரசீது கொடுத்து அனுப்பிய அதே நிலையம்தான். 'இவர் உயிருக்கு ஆபத்து இருக்கிறது' என்று அவர்கள் எழுதினால், ஏன் வழக்குப் பதியவில்லை என்ற கேள்வி அவர்கள் மீதே திரும்பும். எழுதுவார்களா?

சரி, விலைக்கு வருவோம். 2014இல் அரசின் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. அரைக் கிலோ எடை, கைப்பைக்குள் அடங்கும் அளவு. டெல்லியில் வன்கொலை செய்யப்பட்ட பெண்ணின் நினைவாக, பெண்களின் தற்காப்புக்கென்று விளம்பரம் செய்தார்கள். விலை சுமார் 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய். அந்த ஆண்டு நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டின் நாள் கூலி 167 ரூபாய். ஒரு தலித் பெண் சாப்பிடாமல், பிள்ளைக்கு நோட்டு வாங்காமல், கிடைத்த கூலியை அப்படியே சேர்த்தாலும் ஏழு ஆண்டுக்கு மேல் ஆகும். கழனியில் வன்முறைக்கு ஆளாகும் பெண்ணை நினைத்தா அந்த விலையை வைத்தார்கள்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் உரிமம் மறுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்தில் ஏழைக்கு இடம் இருக்கிறது. கடையில்தான் இல்லை.

ஆயுதம் யார் கையில் இருக்கலாம் என்பதை இந்த நாட்டில் பிறப்புதான் தீர்மானித்து வந்திருக்கிறது. இத்தனை கொடுமையை இந்த மக்கள் எப்படிப் பொறுத்தார்கள், ஏன் கிளர்ந்தெழவில்லை என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் கேட்ட அண்ணல் அம்பேத்கர், வருணமுறை அவர்களுக்கு ஆயுதத்தை மறுத்ததையே காரணமாகச் சுட்டினார். அது பழங்கதை அல்ல. குடகு இனத்தாருக்கும் அங்குள்ள ஜம்மா நில உரிமையாளருக்கும் துப்பாக்கி உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு இன்றும் இருக்கிறது. வெள்ளைக்காரன் கொடுத்த அந்தச் சலுகையை ஒன்றிய அரசு 2019இல் மேலும் பத்தாண்டுக்கு நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதைச் செல்லும் என்றது. ஓரிடத்தில் பிறப்பே உரிமம். இன்னோரிடத்தில் உயிருக்கு ஆபத்து என்று கதறினாலும் மனு ரசீது.

அப்படியானால் நாமும் ஆளுக்கொரு துப்பாக்கி வாங்கிவிடலாமா? இங்கேதான் தம்பியோடு எனக்கு முரண்பாடு.

2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் தன் வீட்டருகே வெட்டிக் கொல்லப்பட்டார் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங். அவரிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்தது. தேர்தலுக்காக ஒப்படைத்ததைத் திரும்பவும் வாங்கியிருந்தார் என்று காவல் துறையே சொன்னது. வழக்கறிஞர், கட்சித் தலைவர், சுற்றிலும் ஆட்கள், கையில் துப்பாக்கி. அப்படிப்பட்டவரையே அது காக்கவில்லை. 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், நூறு பேர் பார்க்க, சங்கரை வெட்டினார்கள். 2025இல் நெல்லையில் கவினை வெட்டினார்கள். அந்த வழக்கில் கைதானவரின் தாய், தந்தை இருவருமே காவல் உதவி ஆய்வாளர்கள். அரிவாளுக்கு உரிமம் தேவையில்லை. அதற்குத் தேவை 'எதுவும் ஆகாது' என்ற தைரியம். அந்தத் தைரியத்தைக் கொடுப்பது சாதி. அதைக் காத்துவருவது அரசு.

ஒருவேளை தம்பி சுட்டுவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். தற்காப்பு உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதை நீதிமன்றத்தில் நிறுவும்வரை சிறையில் இருக்கப்போவது யார்? அன்றிரவு எந்தத் தெரு கொளுத்தப்படும்? வெண்மணியில் 44 உயிர்களை எரித்த பிறகும் மிராசுதார்களை நிரபராதிகள் என்று விட்ட நீதிமன்றம், சேரிக்காரன் கையில் இருக்கும் துப்பாக்கியை எப்படிப் பார்க்கும்?

நாம் கேட்க வேண்டியது வேறு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995இல் வகுத்த விதிகளில் மூன்றாம் விதியை எடுத்துப் படியுங்கள். வன்கொடுமை நிகழக் கூடிய பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். அங்கே தேவைப்பட்டால் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதோரின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்க வேண்டும். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் வரை இது பொருந்தும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அதன் பிறகுதான், தேவைப்பட்டால் நமக்கு உரிமம் வழங்கலாம் என்று வருகிறது. வரிசையைக் கவனியுங்கள். முதலில் அவர்கள் கையிலிருந்து இறக்கு, பிறகு இவர்கள் கையில் கொடு. இவ்வளவு தெளிவான விதி கையில் இருக்கும்போது, நம் பிள்ளைகள் 1 லட்சத்துக்குக் குறைவாக எது கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். இது அவர்கள் குற்றமா?

தோழர்களே, துப்பாக்கி வாங்குவது தனி மனிதனின் தீர்வு. கடன் வாங்கி, நகை விற்று, ஓர் உயிரை அதன் சொந்தச் செலவில் காத்துக்கொள்ளச் சொல்வது அது. காக்க வேண்டிய அரசு அதோடு கை கழுவிவிடும். நம் உயிருக்கான பொறுப்பை அரசின் தலையிலிருந்து நாமே இறக்கி வைக்கலாமா?

அன்றிரவு அலுவலகத்தில் உட்கார்ந்து மனு எழுதினோம். மிரட்டியவர்கள் மீது வன்கொடுமை வழக்குப் பதிய வேண்டும், ஊரை மூன்றாம் விதியின்கீழ் அடையாளம் காண வேண்டும், அங்குள்ள துப்பாக்கிகளின் கணக்கை எடுக்க வேண்டும் என்று ஆட்சியருக்கு ஒன்று. துப்பாக்கி உரிமம் கேட்டும் ஒன்று. ஆம், அதையும் போடச் சொன்னேன். உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்ல நான் யார்? மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கு, மேல்முறையீடு செய் என்றேன். 'உன் உயிருக்கு ஆபத்து இல்லை' என்று ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்டுத் தரட்டும். நாளை ஏதாவது நடந்தால் அந்தக் காகிதம் சாட்சி சொல்லும்.

பேருந்து ஏறும்போது தம்பி கேட்டான். "அதுவரைக்கும் என்னண்ணே பண்றது?"

தனியாகப் போகாதே, தெருவாசிகளைக் கூட்டு, மனுவில் உன் பெயரோடு நாற்பது பெயர் சேர் என்றேன். அது முழுப் பதில் அல்ல என்று எனக்கும் தெரியும். முழுப் பதிலைச் சொல்ல வேண்டியவர்கள் கோட்டையில் இருக்கிறார்கள். மூன்றாம் விதி எழுதி முப்பது ஆண்டு ஆகிவிட்டது. அவர்கள் வாயைத் திறக்கட்டும்.