குறை யாருடையது? குட்டு யாருக்கு?

காஞ்சிப் பட்டின் புகழ்பாட ஆயிரம் பேர் உண்டு. அந்தப் பட்டிலே ஒரு குறை என்று வாங்கியவர் வந்து நின்றால், பதில் சொல்ல ஆள் உண்டா? அதைத்தான் கேட்கிறோம்.

மகள் திருமணத்துக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்திலே ஒரு தொழிலாளி பட்டுப் புடவை வாங்குகிறார். நாலு முறை கட்டியதும் கரையும் உடலும் சேரும் இடம் விட்டுப்போகிறது. அல்லது புட்டாவின் சரிகை மெட்டியிலே மாட்டி உருவிக்கொண்டு வருகிறது. கடைக்கு எடுத்துப் போகிறார். “கட்டிய விதம் சரியில்லை” என்பது முதல் பதில். விடாமல் கேட்டால், “நெய்தவன் சரியில்லை” என்பது இரண்டாவது பதில். முதல் பதில் வாங்கியவரை அவமதிக்கிறது. இரண்டாவது பதில் நெசவாளியின் கூலியிலே கைவைக்கிறது. உண்மை மட்டும் வெளியே வருவதில்லை!

உண்மை என்ன? பிள்ளையார்பாளையத்துத் தறியிலே அமர்ந்திருக்கும் கூலி நெசவாளி நூலை வாங்கியவரா? இல்லை. சாயம் தேர்ந்தவரா? இல்லை. கரையின் கனத்தை முடிவு செய்தவரா? இல்லவே இல்லை. பாவும் ஊடையும் சரிகையும் சங்கம் கொடுத்தது, அல்லது முதலாளி கொடுத்தது. ஜக்கார்டு அட்டை சொல்வதைத்தான் தறி நெய்யும். கனத்த சரிகைக் கரையை மெல்லிய உடலோடு கோர்வை போடச் சொன்னால், இழுப்பு முழுவதும் அந்த இணைப்பிலே விழும். புட்டாவின் பின்புறம் சரிகை கட்டின்றி நீளமாக ஓடும்படி அட்டை குத்தினால், அது எதிலாவது மாட்டத்தான் செய்யும். அங்கே பிழை செய்தது நெய்த கை அல்ல, வரைந்த கணக்கு!

நெசவாளி தவறே செய்யமாட்டார் என்று நாம் வாதாடவில்லை. அறுந்த இழையை முடியாமல் விட்டால் நெய்தவர் பொறுப்பு. சாயம் ஒழுகினால் சாயப்பட்டறை பொறுப்பு. பிரித்துப் பாருங்கள் என்கிறோம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளால் விளையும் தீங்குக்குத் தயாரிப்பாளரின் பொறுப்பை வகுக்கும் 84-ஆம் பிரிவிலே, தயாரிப்புக் குறையையும் வடிவமைப்புக் குறையையும் தனித்தனியே எண்ணுகிறது. சட்டம் பிரித்துப் பார்ப்பதைக் கடைக்காரர் ஏன் பார்க்கக் கூடாது?

நெய்ததில் குறை என்றால் பெரும்பாலும் ஒரு புடவையோடு போகும். வடிவத்தில் குறை என்றாலோ, அதே அட்டை ஓடும் தறி அத்தனையிலும் அது பிறந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒரு முறையீடு என்பது தொல்லையல்ல, எச்சரிக்கை மணி!

செய்ய வேண்டியது என்ன? புடவையைப் பெற்றுக்கொண்டு ரசீது கொடுக்க வேண்டும். எந்தத் தறி, எந்தப் பாவு, எந்தச் சாயம் என்று பதிவேட்டைப் புரட்ட வேண்டும். அதே வடிவத்தை நெய்த மற்றவர்களை அழைத்துக் கேட்க வேண்டும். நாள்கணக்கில் அந்த இழையோடு வாழ்ந்தவர்களுக்குத் தெரியாததா? வடிவமே குறை என்று தெரிந்தால், அந்த அட்டையை அன்றே நிறுத்தி, கடையிலுள்ள அதே வகைப் புடவைகளை எடுத்துவிட்டு, வாங்கியவருக்கு வேறு புடவையோ பணமோ தர வேண்டும். காரணம் தெரியுமுன் கூலியிலே காலணாவும் பிடிக்கக் கூடாது.

2004-இல் பட்டு முத்திரை வந்தது. 2005-இல் புவிசார் குறியீடு வந்தது. நன்று. முன்னது தூய பட்டு என்று சொல்லும். பின்னது காஞ்சிப் பட்டு என்று சொல்லும். குறைக்குப் பொறுப்பு யார் என்று இரண்டும் சொல்லா. அதை மனிதர்தான் சொல்ல வேண்டும்.

தோழர்களே, கூட்டுறவுச் சங்கக் கூட்டங்களிலே இதை எழுப்புங்கள். வாங்கியவரும் தொழிலாளி, நெய்தவரும் தொழிலாளி. இருவரையும் மோதவிட்டு, வடிவத்தை வகுத்து லாபம் கண்டவர் நடுவிலே நழுவுவதா? நழுவ விடமாட்டோம்!