கண்ணால் வாங்கும் இசைக்கருவி

மாடு வாங்கச் சந்தைக்குப் போகிறவன் சுழி பார்ப்பான்; பல்லைப் பிடித்துப் பார்ப்பான்; நாலடி நடத்தியும் பார்ப்பான். தேங்காய் வாங்கும் இல்லத்தரசி அதனைக் காதருகே ஆட்டிப் பாராமற் கூடையில் இடுவதில்லை. பொருளை அறிந்த பின்னரே விலை பேசுவது நம் முன்னோர் கண்ட முறை. இசைக்கருவியைப் பொறுத்தவரை இம்முறை இன்னும் இன்றியமையாதது. தட்டிப் பாராமல் ஒரு மிருதங்கத்தின் தரத்தையோ, வில்லை வைத்துப் பாராமல் ஒரு வயலினின் தரத்தையோ எவர் கூறவல்லார்? ஆயினும் இன்று பாவித்த இசைக்கருவிகள் எத்தனையோ, வாங்குபவர் காதாற் கேளாமலும் கையால் தொடாமலும், இணைய ஏலங்களிற் கைமாறுகின்றன. காதுக்குரிய பொருளைக் கண்ணால் வாங்கும் இவ்வியாபாரம் எவ்வாறு நடக்கின்றது, அதில் இறங்குவோர் எவற்றை அறிந்திருத்தல் வேண்டும் என்பதை இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

இணைய ஏலம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ‘ஈபே’ என்னும் அமெரிக்கத் தாபனம். பியர் ஒமிடியார் என்பவர் 1995ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கியபோது முதன்முதலில் விலைபோன பொருள் பழுதடைந்த லேசர் ஒளிச்சுட்டி ஒன்றாகும். விலை 14 டொலர் 83 சதம். அது பழுதானது என்பதை அறிந்துதான் வாங்குகிறீரா என ஒமிடியார் விசாரித்தார். பழுதான ஒளிச்சுட்டிகளைச் சேர்ப்பதே தமது பொழுதுபோக்கு என்று வாங்கியவர் விடையளித்தாராம். ஒருவர் வீட்டு மூலையில் தூசி படிந்து கிடக்கும் பொருளுக்காக வேறெங்கோ ஒருவர் காத்திருக்கிறார். அவ்விருவரையும் சந்திக்கச் செய்வதே இவ்வேலத்தின் பெரும் பயன்.

இசைக்கருவிகளின் வரலாற்றிலும் இதற்கு நல்ல சான்றுண்டு. யப்பானிய றோலன்ட் கொம்பனி 1980களின் தொடக்கத்தில் ‘ரீ.பீ. 303’ என்னும் சிறிய மின்னிசைப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பேஸ் கிற்றார் வாசிக்கத் துணையில்லாத கலைஞர்களுக்கு அந்த ஒலியை இப்பெட்டி வழங்கும் என்பது எண்ணம். ஆனால், அதன் ஒலி கிற்றாரைப் போல இருக்கவில்லை. வாங்குவார் அதிகமின்றி 1984இல் உற்பத்தி நின்றது. பின்னர் மலிவாகக் கிடைத்த இப்பெட்டியைச் சிக்காக்கோ நகரத்து இளைஞர் சிலர் வாங்கினர். அதன் திருகுகளை மனம்போனவாறு திருப்பியபோது பிறந்த விநோத ஒலி, 1987இல் வெளிவந்த ‘அசிட் ற்றாக்ஸ்’ என்னும் இசைத்தட்டின் வழியாக, ஒரு புதிய நடன இசைக்கே வித்தாயிற்று. அன்று விலைபோகாத பெட்டியை இன்று அதன் பழைய விலையைப் போலப் பன்மடங்கு கொடுத்து வாங்குகின்றனர். ஆகவே, ஒரு பொருளின் விலை அப்பொருளில் மாத்திரம் இல்லை. அதனை நாடுவோரின் மனத்திலும் இருக்கிறது. ஏலத்தின் இன்பமும் அபாயமும் இதிலேயே அடங்கியுள்ளன.

ஈபே ஏலத்தில் ஒருவர் தாம் கொடுக்கத் துணியும் உச்ச விலையை முன்கூட்டியே பதிந்துவிடலாம். அதனைப் பிறர் அறியார். போட்டி எழுமிடத்து, வேண்டிய அளவுக்கு மாத்திரம் கணினியே அவருக்காக விலையை உயர்த்திச் செல்லும். நாம் 200 டொலர் எனப் பதிந்திருக்க, நமக்கு அடுத்தவர் 150 டொலருடன் நின்றுவிட்டால், நாம் செலுத்த வேண்டியது 200 அன்று. ஒருபடி மேலான 152 டொலர் 50 சதமே. வென்றவர் இரண்டாமவரின் விலையைக் கொடுக்கும் இத்தகைய ஏலத்தை வில்லியம் விக்கிறி என்னும் பொருளியற் பேராசிரியர் 1961இல் ஆராய்ந்தார். 1996இல் நோபல் பரிசும் பெற்றார். பொருள் தமக்கு எவ்வளவு பெறுமதியுடையதோ அதனை உள்ளவாறு கூறுவதே இங்கு ஒவ்வொருவருக்கும் உகந்த வழி என்பது அவர் கண்ட முடிவு. பொருளியல் பயிலும் மாணவர் இதனைக் குறித்துக்கொள்வாராக.

ஆனால், தமது உச்ச விலை இன்னதென முன்னரே துணிந்து, அதில் உறுதியாக நிற்பவர்க்கே இது பொருந்தும். ஏலமோ குறித்த நொடியில் முடிவடைகிறது. பலர் கடைசி நிமிடம்வரை மறைந்திருந்து விலை கேட்கின்றனர். அந்நேரத்தில் மனிதரின் அறிவு ஒதுங்கிவிட, ரோஷம் முன்வந்து நிற்கிறது.

எமது மாணாக்கன் ஒருவன் பாவித்த கீபோட் ஒன்றுக்கு 120 டொலருக்கு மேல் கேட்பதில்லை என்று தந்தையிடம் கூறி ஏலத்தில் இறங்கினான். யாரோ முகந்தெரியாத ஒருவர் எதிர்த்துக் கேட்க, இறுதி மூன்று நிமிடத்தில் விலை 185 டொலராயிற்று. வென்றான். கப்பற் கூலியும் தீர்வையும் வேறு. பெட்டியைத் திறந்தபோது நான்கு கட்டைகள் ஊமையாயிருந்தன. விளம்பரத்தை மீண்டும் படித்துப் பார்த்தால், ‘நல்ல நிலையில் உள்ளது’ என்ற தலைப்பின் கீழே, கடைசி வரியில், ‘சோதித்துப் பார்க்கப்படவில்லை’ என்று இருந்தது. தந்தையார் மகனைக் கடிந்துகொள்ளவில்லை. அவ்வாண்டு தமக்கு வாங்கவிருந்த மூக்குக் கண்ணாடியை மறுவருடத்துக்கு ஒத்திவைத்தார். மகன் அந்நான்கு கட்டைகளையும் தவிர்த்து வாசிக்கப் பழகியிருக்கிறான்.

விற்றவர் பொய் சொன்னாரா? அவரைக் கேட்டால் இல்லையென்றே சாதிப்பார். ஒரு கீபோட்டைச் சோதிப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். சோதிக்கவில்லை என்று எழுதுபவருட் சிலர் சோதித்தே இருக்கின்றனர் என்பது எமது அபிப்பிராயம். இத்தகைய அரைகுறை உண்மையாற் கெடுவது வாங்கியவர் மாத்திரமல்லர். ஜோர்ஜ் அகெர்லொவ் என்னும் அறிஞர், பாவித்த மோட்டார் வண்டிச் சந்தையை உதாரணமாகக் கொண்டு 1970இல் இதனை விளக்கினார். எது நல்லது, எது பழுது என்று வாங்குபவர் அறியாவிடில், எல்லாவற்றுக்கும் நடுத்தர விலையே கொடுக்க முன்வருவர். அவ்விலைக்கு நல்ல பொருளைக் கொடுக்க மனமின்றி நேர்மையாளர் சந்தையை விட்டு விலகுவர். எஞ்சுவது பழுதே. ஆகவே, விற்பவரின் உண்மைச் சொல் வெறும் தருமம் மாத்திரமன்று. சந்தையின் உயிரும் அதுவே. முன்பு வாங்கியோர் விற்பவரைப் பற்றி எழுதும் குறிப்புகளை ஈபே வெளியிடுவதும் இதனாலேயே. அவற்றைப் படியாமல் விலை கேட்பது விளக்கிருக்க இருளில் நடப்பதை ஒக்கும்.

இனி, வாங்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவை சில. முதலாவதாக, விற்பவர் கேட்கும் விலையை நம்பாது, அதே கருவி அண்மையில் உண்மையாகவே என்ன விலைக்குப் போயிற்று என்பதைத் தேடிப் பார்த்தல் வேண்டும். இரண்டாவதாக, கருவி ஒலிப்பதை ஒளிப்பதிவாகக் கேட்டு வாங்குதல் வேண்டும். கீபோட்டாயின் ஒவ்வொரு கட்டையும் ஒலித்துக் காட்டப்படுதல் நன்று. கிற்றாராயின் கழுத்து வளைந்துள்ளதா என்பது தெரியும்படி பக்கவாட்டுப் படம் கேட்க வேண்டும். மூன்றாவதாக, மின்சாரம். யப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ற்று, அமெரிக்காவில் 120, நம் நாட்டிலோ 230. இதனை ஆராயாது செருகினால் கருவி அக்கணமே கருகிப் போகலாம். நான்காவதாக, பணத்தை ஏலத்தளத்துக்கு வெளியே அனுப்புமாறு விற்பவர் வற்புறுத்தினால், அப்பொருளை மறந்துவிடுதலே உத்தமம்.

வயலின் தேடுவோருக்குத் தனியாக ஒரு சொல். பெட்டியினுள்ளே ஸ்ராடிவாரியின் பெயர்ச்சீட்டைக் கண்டு மயங்குதல் கூடாது. இத்தாலியின் கிறெமோனா நகரத்து மேதையான அவர் 1737இல் மறைந்தார். அவர் செய்தவற்றுள் ஏறத்தாழ 650 கருவிகளே எஞ்சியுள்ளன. ஆனால், 19ஆம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட மலிவான வயலின்களிலும் அப்பெயரே ஒட்டப்பட்டது. எவருடைய மாதிரியில் செய்யப்பட்டது என்பதைக் காட்டவே அன்று அவ்வாறு ஒட்டினர். பழைய கிற்றார் வாங்குவோர் மரத்தையும் விசாரிக்க வேண்டும். பிரேசில் நாட்டு ஈட்டிமரத்தின் சர்வதேச வணிகம் 1992 முதல் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. உரிய அனுமதிப் பத்திரமின்றி அக்கருவி எல்லை கடத்தல் ஆகாது.

விற்போருக்கும் கூற வேண்டியதுண்டு. கீறலைப் படத்திற் காட்டுங்கள். ஊமைக் கட்டையை முதல் வரியிலேயே எழுதுங்கள். குறையைச் சொன்னால் விலை சிறிது குறையலாம். வாங்கியவர் திருப்பியனுப்பும் தொல்லை இராது. தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, கருவி பெட்டிக்குள் அசையாதவாறு நன்கு பொதிந்து அனுப்புங்கள்.

பாவித்த கருவியை வாங்குவதில் இழுக்கில்லை. வசதி குறைந்த பிள்ளைகள் பலருக்கு இசையின் வாயில் அதுவே. வாசிப்பாரின்றிக் கட்டிலின் கீழே கிடக்கும் வயலின் இன்னொரு வீட்டிற் பேசுமாயின் அதனினும் நல்ல காரியம் வேறில்லை. ஆனால், அதனை அனுப்புபவர் தம் கீபோட்டையோ கிற்றாரையோ பற்றி எழுதும் நாலு வரி, தூரத்திலுள்ள ஒரு தகப்பனின் பல மாதச் சேமிப்பைத் தாங்கி நிற்கிறது. அவ்வரிகளை எழுதும்போது, அத்தகப்பன் எதிரே நிற்பதாக நினைத்து எழுதினாற் போதும்.